கல்லச்சு ஓவியர் தோமியே

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

கேலிச் சித்திரம் வரைபவரை நாம் பத்திரிகையோடு சேர்த்துப் பார்க்கிறோம். ஓவியரைக் கலைக்கூடத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம். முன்னவர் படைப்பைக் காலையில் பார்த்துச் சிரித்துவிட்டு, மாலையில் அந்தத் தாளிலேயே பொட்டலம் கட்டிவிடுகிறோம். பின்னவர் படைப்புக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். இந்த இரண்டு வேலைகளையும் ஒருவரே, ஒரே கையால் செய்தார் என்றால் அவரை எந்த வரிசையில் அமர்த்துவது? பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சு நாடு இதற்கு விடை தெரியாமல் நாற்பது ஆண்டுகள் திகைத்தது. அந்த நாட்டைத் திகைக்க வைத்த மனிதர் ஓனோரே தோமியே. வேதியியல் மாணவனுக்கு ஓவியரைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சற்றுப் பொறுத்தருளினால், அவர் வாழ்க்கையின் நடுவிலேயே நம் ஆய்வுக்கூடம் வந்து நிற்பதைக் காணலாம்.

தோமியே 1808ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் மார்சேய் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. தொழில் கண்ணாடி, மனமோ கவிதை. தம் செய்யுட்களுக்குப் பாரிசில் மதிப்புக் கிடைக்கும் என்று நம்பி 1814இல் புறப்பட்டுப் போனார். இரண்டு ஆண்டுகள் கழித்துக் குடும்பமும் பின்தொடர்ந்தது. கவிதை சோறு போடவில்லை. ஆகவே பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே மகன் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. நீதிமன்ற அமீனா ஒருவரிடம் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். கடனுக்காக வீட்டுச் சாமான்கள் ஜப்தியாவதையும், கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞர்கள் தாழ்வாரத்தில் கட்சிக்காரரின் பையைக் கண்ணால் எடை போடுவதையும் அந்தச் சிறுவன் பார்த்தான். பிற்காலத்தில் வழக்கறிஞர்களை இவர் வரைந்த அளவுக்கு வேறு எவரும் வரைந்ததில்லை. அதற்கான பாடம் அந்தத் தாழ்வாரத்தில் நடந்தது என்றே நான் கருதுகிறேன்.

பிறகு ஒரு புத்தகக் கடையில் வேலை. வரையும் ஆசையை அடக்க முடியாத பையனை, அலெக்சாந்தர் லெனுவார் என்ற கலையறிஞரிடம் வீட்டார் அனுப்பினர். அங்கே சில காலம், லூவர் மாளிகையின் சிலைகளைப் பார்த்து வரைவதில் சில காலம். முறையான கலைக்கல்வி பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டும். அவர் கற்றுக்கொண்ட தொழில் கல்லச்சு.

இங்கேதான் நம் பாடம் வருகிறது. 1790களின் இறுதியில் செனிபெல்டர் என்ற ஜெர்மானியர் கண்ட முறை இது. பவேரியாவில் கிடைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாகத் தேய்த்துக்கொள்வார்கள். கல் என்பது கால்சியம் கார்பனேட்டுத்தான். அதன்மீது மெழுகு, சோப்பு, விலங்குக் கொழுப்பு, விளக்குக்கரி சேர்த்துச் செய்த பென்சிலால் படம் வரைய வேண்டும். பின்னர் நீர்த்த நைட்ரிக் அமிலம் கலந்த கருவேலம் பிசின் போன்றதொரு பிசின் கரைசலை அதன்மேல் பூசுவார்கள். கோடு விழுந்த இடத்தில் கொழுப்பு அமிலம் கல்லோடு கூடிக் கரையாத கால்சியம் சோப்பாகிவிடும்; கோடு விழாத இடத்தைப் பிசின் பிடித்துக்கொண்டு எப்போதும் ஈரமாக வைத்திருக்கும். இப்போது கல்லை நனைத்து, எண்ணெய் மை உருளையை மேலே ஓட்டினால், ஈரமான இடம் மையை ஏற்காது. கொழுப்புள்ள இடம் மட்டும் ஏற்கும். தாளை வைத்து அழுத்தினால் படம்! உளி இல்லை, செதுக்கல் இல்லை. செப்புத் தகட்டில் வாரக்கணக்காகச் செதுக்கிய வேலை, ஓரிரு நாளில் முடிந்தது. பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தப் பகுதியை நான் சற்று நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறார். கல் போய் அலுமினியத் தகடு வந்துவிட்டது. தகட்டுக்கும் தாளுக்கும் நடுவே ரப்பர் போர்வை ஒன்று வந்துவிட்டது. தத்துவம் மட்டும் அதேதான். தண்ணீர் கூடினால் மை வெளுக்கும். குறைந்தால் வெற்றிடத்திலும் மை ஏறி அழுக்குப் பிடிக்கும். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர், ஓடுகிற தாளை ஒரு பார்வை பார்த்தே தண்ணீரைக் கூட்டுவார், குறைப்பார். கொழுப்பு அமிலங்களைப் பற்றி நான் எழுதிய தேர்வுத்தாளைவிட அவர் விரல்களுக்கு அதிகம் தெரியும். தோமியேயின் வரலாற்றை நூலகத்தில் எடுத்துப் படித்தபோது, இவர் நம் தொழிற்காரர் ஆயிற்றே என்ற உறவுணர்ச்சி எனக்கு ஏற்பட்டது. எங்கோ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த ஒரு மாமேதை என்ற அச்சம் அகன்றுவிட்டது.

1830 ஜூலையில் பாரிசில் புரட்சி மூண்டது. பழைய மன்னர் ஓடினார். லூயி பிலிப் அரியணை ஏறினார். குடிமக்களின் அரசர் என்று தம்மை அழைத்துக்கொண்டார், கையில் குடையோடு தெருவில் நடந்தார், பத்திரிகைச் சுதந்தரத்தை வாக்களித்தார். அந்த வாக்கை நம்பி ஷார்ல் பிலிப்போன் என்பவர் அதே ஆண்டு நவம்பரில் 'லா கரிகத்யூர்' என்ற வார இதழைத் தொடங்கினார். மன்னருக்குக் கீழே பருத்து மேலே சிறுத்த முகம். பிலிப்போன் அதைப் பேரிக்காயாக்கிவிட்டார்! பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் பேரிக்காய் என்றால் ஏமாளி என்றும் பொருள். 1831இல் வழக்கு வந்தபோது, மன்னர் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை நீதிமன்றத்திலேயே நான்கு படங்களாக வரைந்து காட்டி, பேரிக்காயைத் தண்டிப்பீர்களா என்ற தோரணையில் வாதிட்டார். தண்டனை கிடைத்தது, ஆனால் நகரத்துச் சுவரெல்லாம் பேரிக்காய் முளைத்தது.

இந்தப் பிலிப்போனின் பாசறையில்தான் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது தோமியே சேர்ந்தார். 1831 டிசம்பரில் அவர் வரைந்த படம் 'கர்கந்துவா'. பழைய பிரெஞ்சுக் கதையொன்றில் வரும் பெருந்தீனி அரக்கனின் பெயர் அது. பேரிக்காய்த் தலையோடு மன்னர் பிரம்மாண்டமான நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவர் வாயிலிருந்து தரை வரை ஒரு பலகை. கந்தல் உடுத்த ஏழைகள் கொண்டுவந்து கொட்டிய காசு, கூடை கூடையாகப் பலகை வழியே ஏறி வாய்க்குள் போகிறது. நாற்காலிக்கு அடியில், மன்னர் கழித்த பதவிகளும் பட்டங்களும் விழ விழ, கனவான்கள் பொறுக்குகிறார்கள். நாகரிகமான படம் என்று சொல்ல முடியாது. ஆனால் வரி எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பொருளாதார நூல் ஒன்று முழுமையாகச் சொல்வதை ஒரே தாளில் சொல்லிவிட்டது.

ஆறு மாதச் சிறை, ஐந்நூறு பிராங்கு அபராதம். முதலில் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். பையன் அடங்கிவிடுவான் என்ற எண்ணம் போலும். அவர் அடங்கவில்லை. 1832 ஆகஸ்டில் கைது செய்து சாந்த் பெலாஜி சிறையில் அடைத்தார்கள். தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியை மனநோய் மருத்துவமனையில் கழித்து, 1833 பிப்ரவரியில் வெளியே வந்தார். அந்நாட்களில் அவர் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். நாடாளுமன்ற உறுப்பினர்களின் தலைகளைக் கைக்கு அடங்கும் அளவில் களிமண்ணில் பிடித்து வண்ணம் பூசினார். சூளையில் சுடாத பச்சை மண். கல்லில் வரைவதற்கு இவை முன்மாதிரி. அவற்றில் 36 தலைகள் இன்றும் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1834 ஏப்ரலில் பாரிசின் உழைப்பாளர் பகுதிகளில் கலகம் வெடித்தது. அந்நாட்களில் ஒரு விடியலில், ட்ரான்ஸ்னொனேன் தெருவின் 12ஆம் எண் வீட்டிலிருந்து தங்கள் அதிகாரி சுடப்பட்டதாக எண்ணிய படையினர், அந்த அடுக்கு மாடி வீட்டுக்குள் புகுந்து கண்ணில் பட்டோரைக் கொன்றனர். தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள், ஆயுதம் இல்லாதவர்கள். சுமார் ஒரு டஜன் பேர் மாண்டனர்.

இந்த இடத்தில் தோமியே கேலியை முற்றும் ஒதுக்கி வைத்தார். அந்தப் படத்தில் பேரிக்காய் இல்லை, மன்னர் இல்லை, படைவீரன்கூட இல்லை. ஓர் அறை. கலைந்த படுக்கை. இரவுச் சட்டையோடு ஒருவர் கட்டிலில் சாய்ந்து தரையில் கிடக்கிறார். அவர் உடலுக்கு அடியில் நசுங்கிய சிறு குழந்தை. இடப்பக்க இருளில் ஒரு பெண்ணின் உடல். வலப்பக்க விளிம்பில் ஒரு முதியவரின் தலை. மூன்று தலைமுறை. கவிழ்ந்த நாற்காலி. அவ்வளவுதான். தலைப்பு, தெருவின் பெயரும் தேதியும் மட்டுமே. யார் செய்தார்கள் என்று சொல்லவில்லை, அழச் சொல்லவில்லை, கைமுட்டியை உயர்த்தச் சொல்லவில்லை. கதவைத் திறந்த அண்டை வீட்டுக்காரர் எதைக் கண்டாரோ, அதைக் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். கடைச் சன்னலில் அந்தப் படத்தைத் தொங்கவிட்டபோது மக்கள் திரண்டு நின்றனர். காவல்துறை அகப்பட்ட பிரதிகளைப் பறித்தது. கல்லையும் எடுத்துச் சென்றது. மன்னரை அரக்கனாக வரைந்ததைவிட, யாரையும் குற்றம் சொல்லாத இந்தப் படம் அரசை அதிகம் அச்சுறுத்தியிருக்கும் என்பது என் துணிபு.

1835இல் மன்னரைக் கொல்ல நடந்த முயற்சியைக் காரணங்காட்டி, செப்டம்பரில் புதிய சட்டம் வந்தது. எழுத்தைவிடப் படத்துக்குக் கடுமை. முன் அனுமதியின்றி எந்தப் படமும் அச்சாகக் கூடாது. 'லா கரிகத்யூர்' மூடப்பட்டது. பிலிப்போனின் மற்றொரு இதழான 'லெ ஷரிவரி' என்ற நாளேடு மட்டும் அரசியலை விட்டு ஒதுங்கிப் பிழைத்தது. தோமியேயும் அதில் பிழைத்தார். மன்னரை வரையக் கூடாதா? சரி, மன்னரின் காலத்து மனிதர்களை வரைகிறேன் என்று புறப்பட்டார். ரொபேர் மக்கேர் என்ற எத்தனை நாயகனாக்கி 1836 முதல் 1838 வரை நூறு படங்கள். மக்கேர் ஒரு படத்தில் பங்கு விற்பான், இன்னொன்றில் வைத்தியம் பார்ப்பான், மற்றொன்றில் வழக்காடுவான். இவனைப் போன்றவர்களை நாமும் அறிவோம்! தொடர்ந்து வீட்டுக்காரர்கள், வாடகைக்காரர்கள், நாடகம் பார்ப்போர், குளிக்கப் போவோர், வழக்கறிஞர்கள் என்று பாரிசு நகரமே அவர் கல்லில் ஏறி இறங்கியது. படத்தின் கீழே வரும் நகைச்சுவை வாசகங்களைப் பெரும்பாலும் பிறர்தாம் எழுதினர். இவர் வேலை படம் மட்டும்.

எல்லாவற்றையும் நான் புகழ வரவில்லை. 1844இல் எழுத்தாளப் பெண்களைக் கேலி செய்து ஒரு தொடர் வரைந்தார். மனைவி எழுத உட்கார்ந்துவிட்டாள், குழந்தை தொட்டித் தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கிறது என்ற பாணி. மேல்நிலை இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கையிடம் காட்டினேன், அவள் சிரிக்கவில்லை. ஏழைக்காக இரங்கிய கை, ஏட்டைத் தொட்ட பெண்ணிடம் இரக்கம் காட்டவில்லை. காலம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் அதே காலத்தில்தான் அந்தப் பெண்களும் எழுதினார்கள் அல்லவா?

1846இல் தையல் தொழில் செய்த அலெக்சாந்திரின் என்னும் பெண்ணை மணந்து, செய்ன் ஆற்றின் நடுவிலுள்ள சாங் லூயி தீவில் குடியேறினார். கல்லச்சுப் படங்கள் அவர் வாழ்நாளில் ஏறத்தாழ 4000. நாற்பது ஆண்டுக் கணக்கில் வகுத்தால் வாரத்துக்கு இரண்டு கல். அவரே முதலாளியல்ல, கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அச்சடித்து முடிந்ததும் கல்லை மணல் போட்டுத் தேய்த்துப் பழைய படத்தை அழித்துவிட்டு, அடுத்த படத்துக்குத் தருவார்கள். வீட்டு மாடியறையில், மிஞ்சிய பொழுதில், எண்ணெய் வண்ணம் தீட்டினார். அவற்றைக் கேட்டு வருவோர் மிகச் சிலர்.

1848இல் மீண்டும் புரட்சி. மன்னர் போய்க் குடியரசு வந்தது. குடியரசை உருவகமாகத் தீட்டும் போட்டி ஒன்றை அரசு அறிவித்தது. தோமியே அனுப்பிய மாதிரி தேர்வுக்குரிய இருபதில் ஒன்றாக வந்தது. திடகாத்திரமான ஒரு தாய். இரு குழந்தைகள் அவளிடம் பால் குடிக்கின்றன. மூன்றாவது பிள்ளை காலடியில் அமர்ந்து புத்தகம் படிக்கிறது. சோறும் படிப்பும் தருவதே குடியரசு! மதிய உணவும் கட்டணச் சலுகையும் பெற்று இந்தக் கல்லூரி வாயிலை மிதித்த எனக்கு, அந்த மூன்றாவது பிள்ளையை விட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை. முழு ஓவியத்தை அவர் தீட்டிக் கொடுக்கவே இல்லை. அந்தக் குடியரசும் நிலைக்கவில்லை. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். அதற்குச் சற்று முன்பே, அவருக்காகத் தெருவில் தடியோடு திரியும் அடியாளை 'ரத்தப்வால்' என்ற பெயரில் தோமியே சிலையாக வடித்திருந்தார். கசங்கிய தொப்பி, முறுக்கு மீசை, வளைந்த முதுகு. ஆட்சி மாறியபின் அந்தச் சிலை மறைந்தே இருக்க வேண்டியதாயிற்று.

1860இல் 'லெ ஷரிவரி' அவரை வேலையிலிருந்து நீக்கியது. வாசகர்களுக்கு அலுத்துவிட்டது என்பது பேச்சு. ஐம்பத்திரண்டு வயதில் கூலி நின்றது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழித்தே மீண்டும் அழைத்தார்கள். இந்த இடைவெளி அவர் குடும்பத்துக்கு வறுமை. ஓவிய உலகுக்கோ, சொல்லக் கூசினாலும், பெரும் பேறு. தம் வீட்டுக்கருகே ஆற்றங்கரைப் படிகளில் துணிமூட்டையோடு ஏறும் சலவைப் பெண்களை அவர் நாள்தோறும் கண்டவர். ஒரு கையில் மூட்டை, மறுகையில் குழந்தை, குழந்தையின் எட்டாத காலுக்காகப் படியில் குனியும் தாய். முகம் கூடத் தெளிவாக இல்லை. குனிந்த முதுகே எல்லாவற்றையும் சொல்கிறது.

1862க்கும் 1864க்கும் இடையில் தொடங்கிய 'மூன்றாம் வகுப்புப் பெட்டி' இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. மரப்பலகை இருக்கையில் ஒரு கிழவி, மடியிலுள்ள கூடையின் பிடிமேல் கைகளைக் கோத்து அமர்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் இளந்தாய் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். மறுபக்கம் சிறுவன் உறங்கிவிட்டான். பின்னால் முதுகுகளும் தொப்பிகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் ஊருக்கும் கல்லூரிக்கும் போய்வரும் நம் நண்பர்கள் இந்தக் கிழவியைப் பலமுறை பார்த்திருப்பார்கள். அவள் கை கூடையை விடாது. தூங்கினாலும் விடாது. தோமியே அவளை அழகாக்கவில்லை, பரிதாபத்துக்குரியவளாகவும் ஆக்கவில்லை. அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள். நம் இரக்கம் அவளுக்கு வேண்டியதில்லை. இந்த ஓவியம் முற்றுப்பெறவில்லை. சிறு படத்திலிருந்து பெரிய துணிக்கு மாற்றுவதற்காக அவர் போட்ட கட்டக் கோடுகள், வண்ணத்தின் ஊடே இன்றும் தெரிகின்றன.

வான்கோ போன்ற பின்வந்த ஓவியர்கள் இவரைப் பெரிதும் மதித்தனர். இவர் காலத்து மேதைகளான பால்சாக்கும் தெலக்ருவாவும் போதலேரும் கூட இவர் அருமையை அறிந்தே இருந்தனர். ஆனால் மேதைகளின் மதிப்பு வாடகை கொடுக்காது. 1870இல் அரசு லெஜியன் த ஆனர் விருதை அளிக்க முன்வந்தது. ஓவியர் கூர்பேயும் அதே ஆண்டு அதை மறுத்தார். ஊரறிய முழங்கி மறுத்தார். தோமியே வெளியே சொல்லாமல் மறுத்துவிட்டார். ஆனால், அந்த ஆண்டு மூண்ட பிரஷ்யப் போரையும் பாரிசு முற்றுகையையும் பற்றி அவர் கல்லில் வரைந்தவை மிகக் கடுமையானவை. இளமையின் கோபம் அறுபத்திரண்டு வயதில் திரும்பி வந்திருந்தது.

பிறகு கண் மங்கத் தொடங்கியது. 1872க்குப் பின் கல்லில் வரைய இயலவில்லை. பாரிசுக்கு வடக்கே வல்மொந்துவா என்ற சிற்றூரில் வாடகை வீட்டில் வாழ்ந்தார். வாடகை கட்ட முடியாத நிலையில், நண்பரும் பெரும் இயற்கைக் காட்சி ஓவியருமான கோரோ அந்த வீட்டையே வாங்கிக் கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அரசு சிறிது ஓய்வுத்தொகையும் தந்தது.

1878இல் நண்பர்கள் கூடி, விக்டர் யூகோவைக் கௌரவத் தலைவராகக் கொண்டு, துரான்-ருயேல் கலைக்கூடத்தில் அவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். சிரிப்புப் படக்காரர் என்று மட்டுமே அறிந்திருந்த பாரிசு, மாடியறையில் குவிந்திருந்த ஓவியங்களை அன்றுதான் ஒன்றாகப் பார்த்தது. விமரிசகர்கள் பாராட்டினர். கூட்டம் வரவில்லை, போட்ட பணமும் திரும்பவில்லை. அவருக்கு அப்போது எழுபது வயது, கண் பார்வை ஏறக்குறைய இல்லை.

அடுத்த ஆண்டு, 1879 பிப்ரவரி 10ஆம் நாள், தோமியே வல்மொந்துவாவில் காலமானார். முதலில் அவ்வூரிலேயே அடக்கம் செய்தனர். 1880இல் உடலைப் பாரிசின் பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, கோரோவின் கல்லறைக்கு அருகில் மீண்டும் அடக்கம் செய்தனர்.